ஆவாரையின் காது

மார்கழி முடிகிற நாளில் எங்கள் ஊரில் காப்புக் கட்டுவார்கள். பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை மூன்றையும் கொத்தாகச் சேர்த்து, வாசல் நிலையில் தொடங்கி கட்டுத்தறி, கிணற்று மேடு, எருக்குழி வரைக்கும் செருகி வைப்பது வழக்கம். எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது ஆவாரம்பூ பறித்து வரும் வேலை முதல்முறையாக என்னிடம் வந்தது. வேலியோரம் மஞ்சளாகப் பூத்திருந்ததை ஒடித்து, இரண்டு கை நிறைய அள்ளிக்கொண்டு ஓடி வந்தேன். அம்மிச்சி, அம்மாவைப் பெற்றவர், வாங்கினார். பூவின் பக்கம் கண்ணே போகவில்லை. இலைக்காம்பு தண்டோடு சேருகிற இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"இது ஆவாரை இல்ல கண்ணு. காதக் காணோம் பாரு."

அப்புறம் கையைப் பிடித்து மேட்டாங்காட்டுக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு ஆவாரஞ்செடியின் குச்சியை வளைத்துக் காட்டினார். ஒவ்வொரு இலை கிளம்புகிற இடத்திலும், தண்டை அணைத்தாற்போல, பச்சையாக ஒரு வட்டச் செதில். சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. ஒரு ஓரத்தில் மட்டும் நூல் மாதிரி ஒரு நுனி நீண்டிருந்தது. ஆட்டுக்குட்டியின் காதைத் தொடுகிற மாதிரி அதைத் தொட்டேன். அன்றைக்கு நான் பறித்து வந்தது பேயாவிரை. அதுவும் மஞ்சள், அதற்கும் ஐந்து இதழ், அதுவும் அதே குடும்பம். ஆனால் அதன் தண்டில் இந்தக் காது கிடையாது.

ரொம்ப வருடம் கழித்துத்தான் தெரிந்தது, ஆவாரையின் அறிவியல் பெயர் சென்னா ஆரிகுலேட்டா என்று. ஆரிகுலா என்றால் லத்தீனில் சிறிய காது. 1753ல் இந்த ஆரிகுலேட்டா என்ற பெயரை வைத்தவர் லின்னேயஸ், செடிகளுக்கு இரட்டைப் பெயர் வைத்த ஸ்வீடன் நாட்டு அறிஞர். சென்னா என்ற முற்பெயர் பின்னால் வந்தது. அம்மிச்சிக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அவ்வளவுதான். இரண்டு பேரும் ஒரே இடத்தைப் பார்த்திருக்கிறார்கள், ஒரே சொல்லைச் சொல்லியிருக்கிறார்கள். இதை முதன்முதலில் படித்த அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது.

நான் இருப்பது வேலந்தாவளத்துக்கும் கொழிஞ்சாம்பாறைக்கும் நடுவில். மாநிலம் கேரளம், தாலுக்கா சித்தூர், வீட்டிலும் கடையிலும் தமிழ். கேரளம் என்றதும் நினைவுக்கு வருகிற தென்னந்தோப்பும் ஓயாத மழையும் இங்கே பாதிதான். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று, பனைமரம், நிலக்கடலைக் காடு என்று கிழக்கே போகப் போகக் கோயம்புத்தூர்ச் சீமையின் முகம் வந்துவிடும். கேரளத்திலேயே கரிசல் மண் இருப்பது இந்தச் சித்தூர் தாலுக்காவில்தான். அதனால் செடிகளும் கலந்து கிடக்கின்றன. மேட்டில் ஆவாரை, நூறடி தள்ளி வாய்க்கால் ஈரத்தில் வல்லாரை. செடிக்குச் செக்போஸ்ட் கிடையாது.

காலையில் சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு வெறும் கேனோடு திரும்புகிற ஒன்றரைக் கிலோமீட்டர்தான் என் படிப்பு நடக்கும் இடம். சட்டைப் பையில் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஒரு கைலென்ஸ். ஒன்றையொன்று அச்சு அசலாக ஒத்த செடிகளைப் பிரித்துப் பார்ப்பதில் எனக்கு அப்படியொரு ஆசை. இத்தனை வருடத்தில் நான் கற்றுக்கொண்டதைச் சொல்ல வேண்டுமென்றால், அம்மிச்சி செய்ததைத்தான் சொல்வேன். முதலில் பூவை விட்டுவிட வேண்டும். பூ தேனீக்காக நிறம் காட்டுகிறது. ஒரே தேனீயை அழைக்கும் சொந்தக்காரச் செடிகள் ஒரே மாதிரி உடுத்திக்கொள்வதில் ஆச்சரியம் இல்லை. ஆள் அடையாளம் பெரும்பாலும் பூவுக்குக் கீழேதான் இருக்கிறது. காம்பில், இலை ஒட்டும் இடத்தில், விதையின் முதுகில்.

தகரையை எடுத்துக்கொள்ளலாம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

கர்க்கடக மாதம், அதாவது நம் ஆடி, பிறந்ததும் பக்கத்து வீட்டுச் சேச்சி முறத்தோடு கிளம்பிவிடுவார். கர்க்கடகத்தில் பத்திலை பறித்துக் கறி வைப்பது மலையாள வீடுகளில் வழக்கம். அந்தப் பத்தில் தகரை அநேகமாக எல்லா வீட்டிலும் உண்டு. முதல் மழைக்கு முளைத்து ஒரு சாண் உயரம் வந்த தளிராகப் பறித்து, தேங்காய் துருவிப் போட்டுத் தோரன் வைப்பார்கள். ஒரு வருடம் முறத்தைக் காட்டி, "இது தகர தன்னெயல்லே?", இது தகரைதானே என்று கேட்டார். அந்தப் பருவத்தில் பூவே கிடையாது. முறத்தில் பாதிக்கு மேல் தகரை. மிச்சம் பேயாவிரைத் தளிர்.

பிரிப்பது எளிது. தகரை இலையில் மூன்று ஜோடி சிற்றிலைகள். நுனி மழுங்கி, முட்டையைத் தலைகீழாக நிறுத்தின மாதிரி இருக்கும். பேயாவிரையில் நான்கு, ஐந்து ஜோடி, நுனி கூர்மை. இதைவிட உறுதியான அடையாளம் சுரப்பி. இந்தக் குடும்பத்துச் செடிகள் பலவற்றின் இலைக்காம்பில் குண்டூசித் தலை போல ஒரு சின்ன முனை இருக்கும். பேயாவிரையில் அது காம்பின் அடியில், தண்டை ஒட்டி, கருஞ்சிவப்பாக உட்கார்ந்திருக்கும். தகரையில் அடியில் ஒன்றும் இருக்காது. மேலே சிற்றிலை ஜோடிகளுக்கு நடுவில் நிற்கும். ஆவாரையிலோ ஒவ்வொரு ஜோடிக்கு நடுவிலும் ஒன்று.

சுரப்பி எங்கே என்று கண்ணுக்குப் பிடிபடவில்லையா, எறும்பைப் பாருங்கள். மழை விட்ட ஒரு காலையில் குத்தவைத்து உட்கார்ந்து லென்ஸில் பார்த்தேன். ஆரஞ்சு நிறத்தில் மெல்லிய குச்சி போன்ற ஒரு சுரப்பி, அதன் நுனியில் கண்ணாடித் துளி மாதிரி ஒரு சொட்டு. சின்னக் கருப்பு எறும்பு ஒன்று முன்னங்கால்களால் சுரப்பியைப் பிடித்துக்கொண்டு அந்தச் சொட்டைக் குடித்துக்கொண்டிருந்தது. பூவுக்கு வெளியே செடி சுரக்கும் தேன் அது. இலையில் முட்டை வைக்க மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் வரும். எறும்பு நடமாட்டம் இருந்தால் புழுக்களின் தொல்லை குறையும். அந்த எறும்பு குடித்து முடித்து அடுத்த சுரப்பிக்கு ஏறியது. அடுத்தது எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரிந்திருந்தது.

சேச்சியின் முறத்தில் இன்னொரு சிக்கலும் இருந்தது. தகரை என்று நாம் சொல்வதிலேயே இரண்டு இனம் உண்டு. ஒன்று சென்னா தோரா. மற்றது சென்னா ஆப்டுசிஃபோலியா, அமெரிக்கக் கண்டத்துச் செடி. லின்னேயஸ் 1753லேயே இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்துவிட்டார். பின்னால் வந்த பெரிய தாவரவியலாளர்கள் சிலர் இரண்டும் ஒன்றுதான் என்று சேர்த்துவிட்டார்கள். 1958ல் பிரெனன் என்பவர் மறுபடி பிரித்துக் காட்டினார். அத்தனை பேரைக் குழப்பிய செடி நம் வாய்க்கால் வரப்பில் நிற்கிறது.

வித்தியாசம் என்ன? தோராவில் சுரப்பி இரண்டு: கீழ் ஜோடிக்கு நடுவில் ஒன்று, அதற்கு மேல் ஜோடிக்கு நடுவில் ஒன்று. ஆப்டுசிஃபோலியாவில் கீழ் ஜோடிக்கு நடுவில் மட்டும் ஒன்று. ஆனால் ஒரே ஒரு இலையை வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது. சுரப்பி உதிர்ந்திருக்கலாம், பூச்சி தின்றிருக்கலாம். நாலைந்து இலை பார்க்க வேண்டும், அதுவும் இளம் இலையாக. அப்புறம் புரட்டாசி வரைக்கும் காத்திருந்தால் பூ வரும். தோராவின் பூக்காம்பு ஒரு சென்டிமீட்டருக்கும் குட்டை, பூ இலைக்கக்கத்தில் பதுங்கினாற்போல இருக்கும். ஆப்டுசிஃபோலியாவின் காம்பு நீளம், பூ வெளியே நீட்டித் தொங்கும். கார்த்திகை, மார்கழியில் நெற்று முற்றும். விதையை உள்ளங்கையில் கொட்டி லென்ஸில் பார்த்தால், தோரா விதையின் பக்கவாட்டில் வெளிறிய அகலமான பட்டை. மற்றதில் அது மெல்லிய கோடு.

ஆக ஒரு செடியை இன்னதென்று உறுதியாகச் சொல்ல ஆடியில் தொடங்கி மார்கழி வரை ஆறு மாதம் ஆகிறது. எனக்கு இதில் அவசரமே கிடையாது. ஒரு படம் எடுத்துக் கைபேசியில் போட்டால் ஒரு நொடியில் பெயர் வந்துவிடுகிறது என்கிறார்கள். வருகிறதுதான். அந்தப் படத்தில் பூக்காம்பு விழவில்லை, சுரப்பி விழவில்லை, விதை இன்னும் உண்டாகவே இல்லை என்றால் அந்தப் பெயரை எதை வைத்து நம்புவது? படம் எடுப்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். பூவை ஒரு படம் எடுங்கள், அப்புறம் பூவைக் கவிழ்த்து ஒரு படம், இலை தண்டோடு சேருகிற இடத்தில் ஒரு படம்.

இந்தப் பிரிப்பெல்லாம் வேலையற்ற வேலை என்று நினைப்பவர்களுக்குப் பேயாவிரையின் கதையைச் சொல்ல வேண்டும். மேற்கு உத்தரப் பிரதேசத்தில் வருடா வருடம் மழைக்காலம் முடிந்து குளிர் தொடங்கும்போது சின்னக் குழந்தைகள் திடீரென்று வாந்தியெடுத்து, நினைவிழந்து, சில நாட்களில் இறந்துகொண்டிருந்தார்கள். வைரஸால் வருகிற மூளைக்காய்ச்சல் என்றே நெடுநாள் நம்பினார்கள். அங்கேயுள்ள மருத்துவர் விபின் வசிஷ்டாவும் வேலூரின் டி. ஜேக்கப் ஜானும் சேர்ந்து தேடியபோது, குழந்தைகள் விளையாட்டாகப் பறித்துத் தின்ற பேயாவிரை விதையில் வந்து நின்றது காரணம். 2007ல் அந்த ஆய்வு வெளியானது. ஈரல், தசை, மூளை மூன்றையும் தாக்கும் நஞ்சு. காய் பிஞ்சாக இருக்கும்போது பார்க்க அவரைப் பிஞ்சு மாதிரிதான் இருக்கும். பசியோடு திரியும் பிள்ளைக்கு என்ன தெரியும். இதைப் படித்த பிறகு, பேயாவிரைக்குப் பேய் என்ற சொல்லைச் சும்மா ஒட்டவில்லை என்று பட்டது. சேச்சியிடம் இதைச் சொன்னேன். அன்றிலிருந்து அவர் முறத்தில் தளிரைப் போடும் முன் காம்படியைத் திருப்பிப் பார்க்கிறார்.

இந்தச் சின்ன அடையாளங்களை நம் மண்ணின் மனிதர்கள் எப்போதோ பார்த்து வைத்துவிட்டார்கள். டச்சுக்காரர் வான் ரீட் கொச்சியில் இருந்தபோது உள்ளூர் வைத்தியர்களின் அறிவைக் கொண்டு தொகுத்த ஹோர்த்துஸ் மலபாரிகஸ் 1678லிருந்து 1693 வரை 12 தொகுதிகளாக வந்தது. அதன் இரண்டாம் தொகுதியில் 'பொன்னந்தகர', 'தகர' இரண்டும் அடுத்தடுத்த படங்களாக இருக்கின்றன. முந்தையது சென்னா சோஃபெரா, பிந்தையது தோரா. படம் வரைந்தவர் ஐரோப்பியராக இருக்கலாம். இது வேறு, அது வேறு என்று பெயர் சொல்லிக் காட்டியவர் இட்டி அச்சுதன் போன்ற நம் பக்கத்து வைத்தியர்.

பூளைக்கு வருகிறேன். காப்புக்கு வேண்டியது சிறுபூளை. தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை வரும், தண்டு முழுக்கப் பஞ்சு ஒட்டினாற்போல இருக்கும். இதே செடி மலையாளத்தில் செறூள, தசபுஷ்பம் என்கிற பத்துப் பூச்செடிகளில் ஒன்று. தனு மாதத்து, அதாவது நம் மார்கழித் திருவாதிரைக்குச் சேச்சி வீட்டுப் பெண்கள் தலையில் சூடுவார்கள். சில நாள் கழித்து எங்கள் வீட்டு நிலையில் அதே செடி. ஒரே வரப்பிலிருந்துதான் இரண்டு வீட்டுக்கும் பறிக்கிறோம்.

கொஞ்ச காலமாகச் சந்தையில் விற்கும் காப்புக் கட்டுகளில் வேறொரு வெள்ளைப் பூ கலந்து வருவதைப் பார்க்கிறேன். தென்னமெரிக்காவிலிருந்து வந்து பரவிய கொம்ஃப்ரீனா, வாடாமல்லிக்கு நெருங்கின சொந்தம். கொத்தாகக் கட்டியிருந்தால் தெரியாது. ஒரு குச்சியை உருவிப் பாருங்கள். கொம்ஃப்ரீனாவில் இலைகள் எதிரெதிராக ஜோடி ஜோடியாக நிற்கும், பூ குச்சியின் உச்சியில் ஒரே உருண்டையாக இருக்கும். பூளையில் இலைகள் மாறி மாறி ஒவ்வொன்றாக ஏறும், பூக்கள் ஒவ்வொரு இலைக்கக்கத்திலும் சின்னச் சின்னத் திரிகளாக ஒட்டியிருக்கும். சங்கப் பாட்டில் வருகிற பூளை இன்றும் வரப்பில் நிற்கும்போது வேறொன்றை வாசலில் செருகுவது எனக்கு ஒப்பவில்லை. பெரும்பூளையைக் கட்டுவார்கள் சிலர். அது இடுப்பளவு உயரம், உச்சியில் நீளமான வெள்ளைக் கதிர். அதுவாவது பூளைக்கு உறவு.

தும்பையிலும் இப்படித்தான். ஓணத்துக்குச் சேச்சி வீட்டுப் பிள்ளைகள் பறிப்பது சாதாரணத் தும்பை. வெள்ளைப் பூவின் மேலுதட்டில் பஞ்சு முளைத்திருக்கும், கீழுதடு மூன்று மடலாக விரியும். இதெல்லாம் எல்லாத் தும்பைக்கும் பொது. இனத்தைப் பிரிக்கப் பூவை உருவி எறிந்துவிட்டு, அது உட்கார்ந்திருந்த பச்சைக் கிண்ணத்தின் வாயைப் பார்க்க வேண்டும். சாதாரணத் தும்பையில் வாய் சரிந்து, மேல் பக்கம் தூக்கலாக இருக்கும். பெரிய உருண்டைத் தலையோடு வருகிற பெருந்தும்பையில் கிண்ணத்தைச் சுற்றி அகலமான செதில்கள் அடுக்கி நிற்கும். பூவை உருவுவதில் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், அவர்களை வைத்தே கிண்ணங்களைப் பார்த்துவிடுவேன்.

கடைசியாக, எனக்கு மனசில் ஆறாமல் கிடக்கிற ஒன்று. மஞ்சள் கரிசாலை.

கரிசலாங்கண்ணியில் வெள்ளை எங்கள் வாய்க்காலில் நிறைய உண்டு. தண்டைக் கசக்கினால் சாறு கொஞ்ச நேரத்தில் கருத்துவிடும், அதுவே அடையாளம். வெட்டுக்காயத்துக்குப் போடும் கிணற்றடிப் பூண்டைச் சிலர் கரிசாலை என்று பறிப்பார்கள். அதன் பூக்காம்பு ஒரு சாண் நீளத்துக்கு ஒற்றையாக நிற்கும், இலை ஓரம் ரம்பம் மாதிரி வெட்டுப்பட்டிருக்கும், ஏமாற வேண்டியதில்லை. வள்ளலார் போற்றிய கீரை என்பதால் மஞ்சளையும் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன். சில வருடம் முன்பு ஒரு நர்சரியில் மஞ்சள் கரிசாலை என்று எழுதி வைத்திருந்ததை வாங்கி வந்து வாய்க்கால் கரையில் நட்டேன். பூ மஞ்சள். படர்ந்தது. சந்தோஷப்பட்டேன்.

இரண்டே மழைக்காலம். தண்டு தரையைத் தொட்ட ஒவ்வொரு கணுவிலும் வேர்விட்டு, கரை முழுக்கப் பாய் விரித்த மாதிரி மூடிவிட்டது. அடியில் இருந்த வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் வெளிச்சம் இல்லாமல் அழிந்தன. அன்றைக்குத்தான் இலையைச் சரியாகப் பார்த்தேன். தடித்து, எண்ணெய் தடவினாற்போல மினுமினுத்து, இரண்டு பக்கமும் மடல் பிரிந்து, கோழிக்கால் மாதிரி மூன்று பிளவு. இது ஸ்பாக்னெட்டிகோலா ட்ரைலோபேட்டா. ட்ரைலோபேட்டா என்றாலே மூன்று மடல். வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்டு, உலகின் மிக மோசமான 100 அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்கள் பட்டியலில் ஏறிவிட்ட செடி. நம் மஞ்சள் கரிசாலை ஸ்பாக்னெட்டிகோலா கேலண்டுலேசியா. அதே பேரினம், ஏறக்குறைய அதே பூ. ஆனால் இலை ஒடுக்கமாக நீண்டு, சொரசொரத்து, ஓரத்தில் அங்கங்கே ஒரு பல் மட்டும் இருக்கும். மடல் பிரியாது.

பூவுக்குக் கீழே பார் என்று ஒன்பது வயதில் கற்றுக்கொண்ட நான், அன்றைக்கு நர்சரியில் பூவைப் பார்த்து வாங்கினேன். அந்தக் கரையைச் சுத்தம் செய்ய மூன்று கோடை ஆனது. மண்வெட்டியால் வெட்டினால் வெட்டின துண்டு ஒவ்வொன்றும் முளைக்கிறது. கணு கணுவாகக் கையால் பொறுக்கி, வெயிலில் காயவைத்துத்தான் ஒழிக்க முடிந்தது. வல்லாரை திரும்பி வந்துவிட்டது. பொன்னாங்கண்ணி இன்னும் வரவில்லை.

உண்மையான மஞ்சள் கரிசாலையை அதற்கப்புறம் எங்கெங்கோ தேடினேன். போன ஐப்பசியில், மேற்கே நெல்வயல் தொடங்குகிற இடத்தில், ஒரு குளத்தங்கரைச் சேற்றில் பத்துப் பன்னிரண்டு கொடி கிடந்தது. பூ ஒன்றுதான் இருந்தது, அதைத் தொடவில்லை. மண்டியிட்டு இலைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். வயல்காரரிடம் கேட்டதற்கு, "கொண்டு போங்க, இது யாருக்கு வேணும்" என்றார். வேரோடு மூன்று கணு மட்டும் எடுத்து, ஈரத் துணியில் சுற்றி, பால் கேனுக்குள் வைத்துக் கொண்டுவந்தேன்.

இந்தத் தடவை கரையில் நடவில்லை. தொட்டியில், கிணற்றடி நிழலில் இருக்கிறது. இன்று காலை எண்ணினேன். பதினான்கு இலை. ஒன்றிலும் மடல் இல்லை.